ரோல்பேக் பாயும் உள்ளே போகாத லாரிகளும்

எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் அத்தனை டிரெய்லர் லாரிகளையும் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி, “இப்ப முதல்லேர்ந்து வா” என்று கூப்பிடும் துணிச்சல் இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர்தான் ரோல்பேக் பாய்.

திருவொற்றியூரைத் தாண்டி உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில் நான் புரோகிராம் எழுதுகிறவன். பாய் அங்கே டேட்டாபேஸைக் கட்டிக் காத்தவர். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். டேட்டாபேஸில் ஒரு வேலை பாதியில் கெட்டால், நடந்து முடிந்த பாதியையும் அழித்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்புவதை ரோல்பேக் என்பார்கள். மற்றவர்கள் அதைக் கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொள்வார்கள். பாய் குடும்பம் நடத்துவதே அப்படித்தான்.

காலையில் ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, தண்டையார்பேட்டை வந்ததும் டிபன் பாக்ஸை மறந்தது ஞாபகம் வரும். இறங்கித் திரும்பிப் போவார். பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிற ஆளா அவர்? செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, மறுபடி ஒரு டீ குடித்து, வீட்டம்மாவிடம் மறுபடி சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார். அவர் கல்யாணத்தில் வீடியோ கேமரா பாதியில் நின்றுபோக, மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி மண்டப வாசலுக்குப் போய் மறுபடி நடந்து வந்தாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் சத்தியமாக நம்புகிறேன்.

பிரியாணிக்கு மட்டும் விதிவிலக்கு. “உள்ள பூட்சுன்னா பூட்சு மாமு. அதுக்கு ரோல்பேக் கெடியாது” என்பார்.

இப்போது என் வீரப்பிரதாபத்துக்கு வருகிறேன். யார்டு வாசலில் லாரி நுழைவைக் கம்ப்யூட்டரில் பதிவதற்கு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். வாட்ச்மேன் லாரி நம்பரைத் தட்டினால் அது டேட்டாபேஸில் போய் உட்காரும், கேட் திறக்கும். என் மேஜையில் கற்பனை லாரிகளை வைத்துச் சோதித்தபோது அவை அணிவகுத்து உள்ளே போயின. நானே எனக்குக் கைகொடுத்துக்கொண்டேன்.

நிஜ லாரிகள் வந்த முதல் நாளே மானம் போயிற்று. ஒரு லாரி போகும், அடுத்தது நிற்கும். திரையில் “ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. தயவுசெய்து மீண்டும் முயலவும்” என்று வரும். என்ன பிழை வந்தாலும் இந்த ஒரே வாக்கியம்தான் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்த மேதை நான்தான். அந்த ‘தயவுசெய்து’வில் எனக்குப் பெருமை வேறு. வாட்ச்மேன் பாவம், தயவுசெய்து முயன்றுகொண்டே இருந்தார்.

பாஸ்வேர்டை மாற்றினேன். இணைப்பைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மேனேஜர் அறைக்குள் வந்தார்.

“வெளிய லாரி தேரடி வரைக்கும் நிக்குது. சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்.”

வீட்டுக் கடனுக்குப் போட்ட கையெழுத்தின் மைகூடக் காயவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த பாய் எழுந்து மேனேஜர் பின்னாலேயே வெளியே போனார். இந்த நேரத்தில் டீ கேட்கிறதா இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். திரும்பி வந்து என் திரையைப் பார்த்தார்.

“டேட்டாபேஸ் இன்னா சொல்லுதுன்னு கேட்டியா நைனா?”

“அது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது பாய்.”

“நீதான் அது வாய்ல துணிய அடச்சி வெச்சிகீறியே, அது எப்டி பேசும்?”

என் மரியாதை வாக்கியத்தை எடுத்துவிட்டதும் டேட்டாபேஸ் வாய் திறந்தது. இந்த லாரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதாம். இருக்கும் லாரியை இன்னொரு முறை நுழைக்க முடியாதாம். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். லாரி வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“டேட்டாபேஸ் கெட்டுப்போச்சு பாய்” என்று தீர்ப்புச் சொன்னேன்.

“அத்த கொற சொன்ன, பேஜாராய்டும். எந்திரி. முதல்லேர்ந்து வருவோம். நீதான் லாரி.”

“நானா?”

“நட. வரிசைல போய் நில்லு.”

வெயிலில், இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே, டை கட்டிய ஒரு லாரியாக நான் நின்றேன். முன்னால் வண்டி நகர்ந்தால் நானும் நகர்ந்தேன். பாய் ஓரமாக நடந்தபடி, “ஓவர்டேக் பண்ணாத” என்று எச்சரித்தார். பின்னால் நின்ற லாரியிலிருந்து நரைத்த தாடியோடு கிளீனர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், உனுக்கு வண்டி எங்க கீது?”

“நான்தான் வண்டி” என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு சொன்னார்: “அப்ப நம்பர மின்னாடியே குட்த்துட்டு வந்துட்டியா? நாங்கல்லாம் வண்டி வரிசைல நிக்கிறப்பவே எறங்கிப் போயி வாட்ச்மேன்கிட்ட குட்த்துருவோம். எடம் புடிக்கணும்ல.”

பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஊர் இது. டேட்டாபேஸிலும் துண்டு போட்டிருக்கிறார்கள். முன்னால் நடந்துபோன கிளீனர் கொடுத்த நம்பரை வாட்ச்மேன் உடனே தட்ட, லாரி உள்ளே வந்ததாகப் பதிவாகிவிடும். லாரி ஆடி அசைந்து வந்து சேர்ந்ததும் அதே நம்பரை மறுபடி தட்டினால் டேட்டாபேஸ் எப்படி ஒத்துக்கொள்ளும்? இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை. வரிசையில் இருக்கும் லாரிக்கு ஒரு நிலை, உள்ளே வந்த லாரிக்கு ஒரு நிலை என்று பிரித்து எழுதினேன். சாயங்காலம் கேட் திறந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். என் திறமையால் வேலையைக் காப்பாற்றிக்கொண்டதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் மாதவரம் பக்கம் வேறொரு யார்டுக்கு மாறிப் போன அன்றுதான் மேனேஜர் சொன்னார். “அன்னைக்கு என் பின்னாடியே வந்தாரு. ‘அவன அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்பு சார். ரெண்டு பேரும் இருக்கணும், இல்ல ரெண்டு பேரும் போவணும், பாதி வேல நமக்கு ஆவாது’ன்னு நின்னுட்டாரு.”

மூன்று பெண்களைப் படிக்க வைக்கிற மனுஷன். தப்பு முழுக்க என்னுடையது. நான் கேட்டுக்கு ஓடினேன். பாய் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

“ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?”

“நீ பூட்டன்னா அந்த ரூம்ல குந்திகினு நா யார திட்றது?” என்றபடி ஏறிப் போய்விட்டார்.

என் புரோகிராம் இப்போது ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அடிக்கடி அவருக்குப் போன் போட்டு, “பாய், ஏதோ எர்ரர் வருது” என்று பொய் சொல்கிறேன். அவர் திட்ட ஆரம்பித்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்கிறேன்.