பக்கத்து வீட்டு ஓட்டு

சிமிலோஸின் பெயர் பானைக்குள் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும், தெலெனிகோஸ் வாயிலிருந்த ஆலிவ் பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டான்.

"எந்தப் பானை?" என்று அவன் முதுகில் தட்டிக்கொண்டே கேட்டாள் மனைவி லிசில்லா.

"நடுவர் பானை. நம்ம குலத்துக்கான பானை. முத்திரை போட்டு மேலே கோட்டையில வச்சாச்சு. திருவிழா அன்னிக்குக் காலையில அதுலேருந்து ஒரு பேரை எடுப்பாங்க. அவன்தான் நம்ம குலத்து நடுவர். பத்துக் குலத்துக்கும் இப்படிப் பத்து நடுவர்."

"மொத்தம் எத்தனை பேர் இருக்கு உள்ளே?"

"இருபது."

"இருபதுல ஒண்ணு. அதுக்கா கொட்டையை முழுங்குனீங்க?"

லிசில்லாவுக்குக் கணக்கு தெரியும். சோக நாடகம் தெரியாது. எந்தப் பெயர் வரக் கூடாதோ அதுதான் வரும் என்பது தெலெனிகோஸின் தொழில் அனுபவம்.

ஆறு வருஷமாக அவன் ஏதென்ஸின் வசந்தத் திருவிழாவில் நாடகம் போடுகிறான். போட்டியில் மூன்று கவிஞர்கள். ஆறு தடவையும் அவன் மூன்றாவது. "நாலாவது இடம் இல்லைங்கிறதால மூணாவது" என்று அவனே சொல்லிச் சிரிப்பான், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். இந்த வருஷம் அந்தச் சிரிப்பு வரவில்லை. பாட்டுக்குழு ஒதுக்குகிற அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்தத் தடவை ஜெயிச்சு மாலை வாங்கலேன்னா அடுத்த வருஷம் என் வாசல்ல வந்து நிக்காதேப்பா." பாட்டுக்குழு கிடைக்காவிட்டால் நாடகம் இல்லை. நாடகம் இல்லாவிட்டால் மாமனாரின் தோல் பதனிடும் கொட்டகை இருந்தது. மாமனார் அவனுக்கென்று ஒரு தொட்டியையே ஒதுக்கி வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டு சிமிலோஸ் தேன் வியாபாரி. போன வருஷம், கதாநாயகன் மகனைப் பிரிகிற காட்சியில், பதினைந்தாயிரம் பேர் பார்க்க, மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனவன். சிரிப்பை மறைக்கத்தான் மூடிக்கொண்டான் என்பதில் தெலெனிகோஸுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காட்சியை எழுத அவனுக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது.

"நேரா போய், ஏன் எழுந்து போனீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் லிசில்லா.

"நானா? அந்தத் தேன்காரன்கிட்டயா? எனக்கு மானம் இல்லையா?"

மானத்தோடு ஒத்திகைக்குப் போனான். இந்த வருஷக் கதை ஒரு ராஜாவைப் பற்றியது. ஒரு படகுக்காரனால் உனக்கு அழிவு என்று குறி சொல்கிறவன் எச்சரிக்க, ராஜா படகுக்காரனை நாடு கடத்துகிறான். பிறகு எதிரிகள் துரத்தும்போது ஆற்றங்கரைக்கு ஓடிவருகிறான்; கடத்திவிட ஆள் இல்லை.

ராஜா வேஷம் கட்டிய ஹிப்பியோன் முகமூடியைக் கழற்றினான். "ஐயா, ஒரு சந்தேகம். அந்தப் படகுக்காரனைக் கூப்பிட்டு இவரு ஒரு வார்த்தை பேசியிருந்தா?"

"பேசியிருந்தா நாடகம் அங்கேயே முடிஞ்சிடும். பேசாததுதான் அவனோட குறை. மத்த எல்லாத்துலயும் நல்லவன். அந்த ஒரு ஓட்டை வழியாத்தான் கப்பல் முழுகுது."

"ஜனங்க நம்புவாங்களா? இவ்வளவு முட்டாளா ஒருத்தன் இருப்பானா?"

"தான் முட்டாள்னு அவனுக்குத் தெரியாதுப்பா. சோகம்னா அதுதான்."

நன்றாகச் சொன்னோம் என்ற திருப்தியுடன் தெலெனிகோஸ் அங்கிருந்து நேராக, சந்தையில் ஆட்டு ஈரல் பார்த்துக் குறி சொல்கிறவனிடம் போனான்.

குறிகாரன் ஈரலை இரண்டு தடவை புரட்டினான். "இந்தத் தடவை மாலை கிடைக்கிறதும் கிடைக்காததும் உன் பக்கத்து வீட்டுக்காரன் கையில இருக்கு."

தெலெனிகோஸ் அன்றே ஒரு கொழுத்த ஏரி விலாங்கு வாங்கி, இலை சுற்றி, சிமிலோஸ் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். அடுப்பு மூட்டுகிற நேரம்கூட ஆகியிருக்காது. சிமிலோஸ் வீட்டு வேலைக்காரி திரட்டா அதே இலையோடு வந்து நின்றாள்.

"வேணாங்கிறாருங்க. திருவிழா முடியற வரைக்கும் இந்த வீட்டுலேருந்து ஒண்ணும் வாங்க மாட்டாராம்."

"கோவமா சொன்னாரா?"

"முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுச் சொன்னாருங்க."

அப்படியானால் பகைதான். கூடவே இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது. நடுவர் பானையில் பெயர் உள்ளவனுக்கு மீன் அனுப்பினால் அதற்கு நீதிமன்றத்தில் வேறு பெயர் உண்டு. அது லஞ்சம் இல்லை என்று ஊருக்கே தெரிந்தாக வேண்டும். யோசித்து யோசித்து, மறுநாள் காலை பொதுக் குழாயடியில் நாலு பேர் முன்னால் சிமிலோஸை மறித்தான்.

"உன் சேவல் கத்துற கத்தல்ல என் செய்யுள் ஒண்ணுகூட உருப்பட மாட்டேங்குது. தேன்ல தண்ணி கலக்குறவனுக்குச் செய்யுளோட அருமை எங்கே தெரியப்போகுது?"

சேவலோடு நிறுத்தியிருக்கலாம். அந்தத் தேன் வசனம் தேவையே இல்லை என்பது வாயை விட்டுப் போகும்போதே அவனுக்குத் தெரிந்தது. எந்தக் காட்சியிலும் ஒரு வரி அதிகமாக எழுதுகிற பழக்கம் அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. சிமிலோஸ் குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

"இப்போ நிச்சயமா எனக்குப் போடமாட்டான்" என்றான் வீட்டுக்கு வந்து.

"ஏன் போடுவாரு?" என்றாள் லிசில்லா.

இனி ஒரே வழிதான். பெயர் எடுக்கும்போது சிமிலோஸ் அங்கே இருக்கக் கூடாது. திருவிழாவின் முதல் நாள் விடியலில், ஒரு கோவேறு கழுதைக்காரன் சிமிலோஸின் கதவைத் தட்டி, ஹைமெட்டஸ் மலையில் அவனுடைய தேனீக்களெல்லாம் கூட்டை விட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொன்னான். சிமிலோஸ் ஒற்றைச் செருப்போடு ஓடினான்.

ஜன்னல் வழியாகப் பார்த்த லிசில்லா சொன்னாள், "உங்க ராஜா படகுக்காரனைத் துரத்தின மாதிரியே இருக்கே."

"அது வேற. அவன் அகங்காரம் பிடிச்சவன். நான் ஜாக்கிரதையா இருக்கேன்."

அரங்கில் அதிகாரி பானைக்குள் கையை விட்டார். அறிவிப்பாளன் பெயரைப் படித்தான்.

"சிமிலோஸ்."

மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. மறுபடி கையை விட்டு இன்னொரு பெயரை எடுத்தார்கள். வந்த பெயர் போலிக்ளேஸ், லிசில்லாவின் சொந்தத் தம்பி. தெலெனிகோஸ் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடித் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டான். தன் கதாநாயகர்கள் யாருக்கும் இவ்வளவு சாமர்த்தியம் கொடுக்காமல் போனோமே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நாடகமும் அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நன்றாகப் போனது. ஆற்றங்கரையில் ஹிப்பியோன் நின்று "படகுக்காரா, படகுக்காரா" என்று கூப்பிட்டபோது, முன்வரிசைப் பூசாரி மூக்கைச் சிந்தினார்.

மூன்றாம் நாள் மாலை பத்து நடுவர்களின் ஓட்டுப் பலகைகளும் ஒரு பானையில் விழுந்தன. வழக்கம்போல அதிலிருந்து ஐந்தை எடுத்தார்கள். எதிராளி ஒருவனுக்கு இரண்டு, தெலெனிகோஸுக்கு இரண்டு. ஐந்தாவது பலகை அந்த எதிராளிக்குப் போனது.

கூட்டம் கலைகையில் போலிக்ளேஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "கோவிச்சுக்காதீங்க அத்தான். அந்தக் கடைசிப் பலகை என்னோடதுதான். அக்கா புருஷனுக்குப் போட்டான்னு ஊர் பேசுமேன்னு பயந்துட்டேன். நாடகம் நல்லாத்தான் இருந்தது."

தெலெனிகோஸுக்கு அப்போதே மூக்கில் தோல் தொட்டி நாற்றம் அடித்தது. அழவேண்டும் போல இருந்தது. இத்தனை பேரை அழவைத்த அன்று தான் மட்டும் தெருவில் நின்று அழுவது நன்றாயிருக்காது என்று நடையைக் கட்டினான்.

தெருமுனையில் திரட்டா ஒரு மனிதனைக் கைப்பிடித்து நடத்தி வந்தாள். முகம் பிசைந்த மாவு மாதிரி உப்பியிருந்தது. இரண்டு கண்ணும் மூடியிருந்தன. கால் ஒன்றில் மட்டும் செருப்பு இருந்ததால்தான் சிமிலோஸ் என்று தெரிந்தது. நிம்மதியாக இருந்த கூடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறான். மூன்று நாள் இடையன் குடிசையில் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்துவிட்டு இப்போதுதான் இறங்கி வருகிறான்.

தெலெனிகோஸுக்கு இனி இழப்பதற்கு மாலையும் இல்லை, மானமும் இல்லை. ஒரு வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்டான்.

"சிமிலோஸ் அண்ணே, போன வருஷம் என் நாடகத்துல பாதியில ஏன் எழுந்து போனீங்க?"

சிமிலோஸ் உதட்டை அசைத்துப் பார்த்தான். வீங்கிய உதட்டிலிருந்து காற்றுதான் வந்தது. கையை அசைத்து, நீ சொல்லு என்று திரட்டாவுக்குக் காட்டினான்.

"அழுகை தாங்காமத்தான் எழுந்து வந்தாருங்க, இந்தத் தடவை பானையிலேருந்து பேர் வந்தா உங்களுக்குத்தான் போடணும், அதை ஒருத்தரும் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னுதானே அந்த விலாங்கைக்கூட எச்சில் ஊற ஊறத் திருப்பி அனுப்பினாரு."