வீடூர் சம்பந்தமும் நாற்பத்திரண்டாவது மீனும்

ஆதிநாதர் துணை

செஞ்சி,
27-5-1986

சிரஞ்சீவி மைத்துனன் சம்பவநாதனுக்கு மாமா தர்மதாஸ் எழுதிக்கொண்டது. ஆயுளும் ஆரோக்கியமும் உனக்கு மேலும் மேலும் பெருகட்டும்; என்னுடையவை இரண்டும் நீ அனுப்பிவைத்த குடித்தனக்காரரிடம் இருக்கின்றன. இங்கே உன் அக்கா ஜ்வாலாமாலினி சௌக்கியம், உன் அக்கா மகள் அனந்தமதி சௌக்கியம், அண்டாவில் இருக்கும் மீன் பரம சௌக்கியம். என் வலது கையை மட்டும் அந்த வரிசையில் சேர்க்க முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், விவரம் கீழே வரும்.

மாசி மாதம் நீ எழுதிய சிபாரிசுக் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ‘ஆபீஸ் சிநேகிதரின் தம்பி, பெயர் தாண்டவராயன், காலேஜில் ஆராய்ச்சி செய்கிறார், நம் பின்கட்டை அவருக்குக் குடித்தனம் விடுங்கள் மாமா, சுத்த சைவம், மீன் சாப்பிட்டுப் பழக்கமே கிடையாது’ என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். அவர் மீனைச் சாப்பிடுவதில்லை, மீசையை எண்ணுகிறார். செதிலே இல்லாமல் மீசை வைத்த மீன் சாதி ஒன்று இருக்கிறதாம், உலகத்தில் அது ஆயிரக்கணக்கான வகையாம், ஆனால் நம் பக்கத்து ஏரி குளங்களில் எத்தனை வகை என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லையாம். இப்படி ஒரு குறையோடுதான் செஞ்சி தாலுகா இத்தனை காலம் நடந்துகொண்டிருந்தது என்பது மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எண்ணும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மீசை நாலு என்றால் வாளை, எட்டு என்றால் கெளுத்தி அல்லது தேளி, எட்டிலேயே முதுகுத் துடுப்புக்குப் பின்னால் எலும்பில்லாத சதைத் துடுப்பு ஒன்று கூடுதலாக இருந்தால் கெளுத்தி, அது இல்லாமல் கறுப்பாக நீளமாக இருந்தால் தேளி, தேளிக்குப் பக்கத்துக்கு ஒரு முள், அது கொட்டும். பார், மூன்று மாதத்தில் நானும் எவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறேன். இது சமண வீடு, நம் கூரைக்குக் கீழே ஒரு உயிரும் சாகக் கூடாது என்று அவர் வந்த அன்றே நிபந்தனை போட்டேன். அதையும் அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். பாட்டிலில் ஊற வேண்டிய மீன்களெல்லாம் பின்கட்டில் பானை பானையாக உயிரோடு நீந்தின. பனமலை ஏரி, தளவானூர் ஏரி, சீயமங்கலம் ஏரி, கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளம் என்று நாலு தண்ணீர், நாற்பத்தொரு மீன், பானைக்குப் பானை ஒரு சீட்டு. ஒரே தேளி நாலு தண்ணீரில் நாலு விதமாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம். பார்க்கட்டும், எனக்கென்ன, கிணற்றுப் பக்கம் வராதவரைக்கும்.

நம் கிணற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பாட்டனாருக்குப் பாட்டனார் வெட்டியது. இதில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை, அந்தத் தண்ணீரையும் துணியில் வடிகட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் விட்டதில்லை. வடிகட்டிய துணியில் ஒட்டிய புழு பூச்சியைக்கூடத் தரையில் உதறாமல் திரும்பக் கிணற்றிலேயே அலசிவிடும் வீடு இது. இந்தப் பெருமையைத்தான் உன் அக்கா ஒரே பகலில் தீர்த்துவைத்தாள்.

சித்திரை வெயிலில் குடித்தனக்காரர் தன் புரொபசரைப் பார்க்க மூன்று நாள் பட்டணம் போனார். பானைத் தண்ணீர் பாதியாக வற்றிவிட்டது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உன் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. நான் மண்டியிலிருந்து வருவதற்குள் நாற்பத்தொன்றையும் கிணற்றில் விட்டுவிட்டு, பானைகளைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து, சீட்டுகளை மட்டும் காற்றில் பறக்காமல் அளவு பார்த்து அடுக்கி, மேலே ஒரு கல்லையும் வைத்திருந்தாள். பொறுப்பான பெண்மணி. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

“துணியில ஒட்டின புழுவையே திரும்ப தண்ணியில வுடறோம். இது மொழ நீளம் இருக்குது. சாவட்டும்னு பாத்துக்கினு இருக்கச் சொல்றீங்களா?”

இதற்கு என்ன பதில் சொல்வாய் நீ? நான் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஊரிலிருந்து திரும்பினார் குடித்தனக்காரர். அடுக்கிவைத்த சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்காகப் பாவம் பார்க்க எனக்கு நேரமில்லை, ஏனென்றால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வீடூர் அப்பாண்டை நயினார் குடும்பத்தோடு நம் அனந்தமதியைப் பெண் பார்க்க வருகிறார்.

வந்தார். உனக்குத் தெரியும், அந்த வீட்டு ஆசாரத்துக்கு முன்னால் நம் ஆசாரம் ஓட்டல் ஆசாரம். காபி வேண்டாம் என்றார், பலகாரம் வேண்டாம் என்றார், கண்ணெதிரே இறைத்த கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு போதும் என்றார், இடுப்பிலிருந்து சொந்த வடிகட்டும் துணியை எடுத்து நாலாக மடித்தார். பையன் கண் நம் பெண் மேல், பெண்ணின் கண் தரை மேல், என் கண் வாளி மேல். வாளி மேலே வந்தபோது உள்ளே கறுப்பாக ஒன்று சுழன்றது. சட்டென்று கையை விட்டு மறைத்தேன். அது தேளி என்று அப்புறம் தெரிந்தது. அப்போது என் கைக்கு மட்டும்தான் தெரிந்தது. பெண் வீட்டுக்காரன் சம்பந்தி எதிரில் கத்த முடியுமா? சிரித்தபடியே தண்ணீரை ஊற்றினேன், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, மகளைப் பிரியப்போகும் தகப்பன் என்று பையனின் அம்மாள்கூட உருகினார்கள். அப்புறம் மீன் நயினார் பிடித்த துணியில் விழுந்தது.

அப்பாண்டை நயினார் அதைச் சாவகாசமாகப் பார்த்தார். “வடிகட்டினா கொசுப்புழு வரும், பாத்திருக்கேன். மீசை வெச்சது வந்து இப்பத்தான் பாக்கறேன்” என்றார்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கோபப்படுவார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். உங்கள் வீட்டம்மாள் மனசு நல்ல மனசு, வழிதான் தப்பு, ஒரு உயிரை அது பிறந்த தண்ணீரில்தான் விட வேண்டும், வேறு தண்ணீரில் விடுவது பாதித் தர்மம் என்று பொறுமையாக விளக்கினார். புறப்படும்போது சொன்னார்: “எது எந்தத் தண்ணியோ அதுல வுட்டுட்டு ஒரு கார்டு போடுங்க நயினாரே. அப்பறம் தேதி பாக்கலாம்.”

ஆக, சம்பவநாதா, உலகத்தில் எத்தனையோ பெண்ணுக்கு ஜாதகத்தில் தட்டுகிறது, நகையில் தட்டுகிறது. என் பெண்ணுக்கு மீன் மீசையில் தட்டுகிறது. வேண்டாம், இவ்வளவு பார்க்கிற சம்பந்தம் நமக்கு எதற்கு என்று அன்றைக்கே அனந்தமதியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: “தண்ணியவே இவ்ளோ பாத்துக் குடிக்கறவங்க, என்னையும் பாத்துக்குவாங்க நைனா.” இதைக் கேட்ட பிறகு நான் கிணற்றில் இறங்காமல் என்ன செய்வது, சொல். ஒரே பெண். அவள் இதுவரைக்கும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அக்னி நட்சத்திரத்தில், ஊரே ஒரு குடத்துக்கு அலையும்போது, ஆயில் இன்ஜின் வைத்துக் கிணற்றை இறைத்துத் தெருவில் விட்ட புண்ணியவான் செஞ்சியில் நான் ஒருவன்தான். பைப்பு வாயில் துணி கட்டியிருந்தோம், அதில் ஒரு உயிரும் தப்பிப் போகவில்லை, அக்கம்பக்கத்தார் சிரிப்பு மட்டும் தப்பி வந்துகொண்டிருந்தது. குடித்தனக்காரர் கீழே இறங்கி ஒவ்வொன்றாகக் கூடையில் அனுப்ப, நான் மேலே நின்று மீசை எண்ண, அனந்தமதி அவருடைய நோட்டைப் பார்த்து நீளம், அகலம், தழும்பு, அறுந்த மீசை என்று படிக்க, ஊர் ஊராகப் பிரித்தோம். கெளுத்தியைக் கையில் எடுத்தால் கீச்சென்று சத்தம் போடுகிறது, என் சார்பாகவும் அதுவே போட்டுவிட்டது. எண்ணும்போதே இன்னும் இரண்டு தடவை கொட்டு வாங்கினேன். ஒரே மாதிரி இருந்த இரண்டு தேளியைப் பிரிக்க, மேலே ஏறி வந்தும் அவர் தடுமாறியபோது நம் பெண் எட்டிப் பார்த்து, இது தளவானூர், அது பனமலை என்றாள். எப்படித் தெரியும் என்றேன். தினமும் பின்கட்டில் துணி உலர்த்தும்போது பார்த்ததுதான் என்றாள்.

பிரித்தால் ஆயிற்றா, கொண்டுபோய் விட வேண்டாமா? பனமலைக்குப் போகும் பஸ்ஸில் மடியில் பானையோடு உட்கார்ந்திருந்தேன். மார்க்கெட்டில் மீன் விற்கும் வள்ளியம்மாள் அதே பஸ்ஸில் ஏறினாள். பானைக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நயினாரும் கடை போட்டுவிட்டாரா என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள். வகை பிரிக்கிற விவரத்தைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. “வாளை வறுவலுக்கு, கெளுத்தி கொழம்புக்கு, தேளி புள்ள பெத்தவளுக்கு ஒடம்பு தேற. மீனு அவ்ளோதான் நயினாரே. இதுக்கா ஒருத்தர காலேஜுல போட்டு வெச்சிருக்காங்க?” என்றாள். கண்டக்டர் அதற்கும் ஒரு விசில் கொடுத்தார்.

இப்படியாக மூன்று வாரத்தில் நாற்பத்தொரு மீனும் அதனதன் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தன. கார்டு போடப் பேனாவை எடுத்தேன். அப்போதுதான், எந்தப் பொந்தில் பதுங்கியிருந்ததோ, ஊறி வந்த கொஞ்ச நஞ்சத் தண்ணீரில் நாற்பத்திரண்டாவது மீன் தலையைக் காட்டியது. வெள்ளை வெளேரென்று சோற்றுக் கஞ்சி நிறம், எட்டு மீசை, மற்றதில் பாதி அளவே கண். நோட்டில் இல்லை, சீட்டில் இல்லை. குடித்தனக்காரருக்கு மூன்று வாரமாகப் போயிருந்த உயிர் அந்த நிமிஷம் திரும்பி வந்தது. புது வகை என்றார். லத்தீனில் பேர் வைக்கலாம் என்றார், வீட்டுக்காரர் பெயரையே வைக்கிறேன் என்றார். பொய் சொல்வானேன், ஒரு மத்தியானம் முழுக்க எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மல்லாட்டை மூட்டையைத் தவிர வேறெதிலும் என் பெயர் இதுவரை எழுதப்படவில்லை. ஆனால் பேர் வைக்க வேண்டுமென்றால் அதைச் சாகடித்து பாட்டிலில் போட்டு அனுப்ப வேண்டுமாம். என் பேரைச் சொல்லி ஒரு உயிர் சாகவா? முடியாது என்றேன். இப்போது அது கூடத்தில் செப்பு அண்டாவில் இருக்கிறது. எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் எங்கே விடுவது, விடாமல் எப்படிக் கார்டு எழுதுவது?

எனக்கு நிச்சயமாகத் தெரியும், இதைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விட்டது உன் தாண்டவராயன்தான். புகழுக்கு ஆசைப்பட்டுச் செய்திருக்கிறார், கேட்டால் இல்லவே இல்லை என்கிறார். ஐந்து தலைமுறைக் கிணற்றைக் கெடுத்தவரை நம் வீட்டுக்கு அனுப்பியவன் நீ. ஆகவே வருகிற வெள்ளிக்கிழமைக்குள் லீவு போட்டு வந்து, உன் குடித்தனக்காரரையும் அவருடைய பூதக்கண்ணாடியையும் இந்த வெள்ளை மீனையும் ஒரேயடியாக அழைத்துக்கொண்டு போகவும். வராவிட்டால் மாமா என்று கூப்பிட இந்தப் பக்கம் வர வேண்டாம்.

வேறு விசேஷமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, பொழுது சாயும் முன் சாப்பிடு, பட்டணத்துக் குழாய்த் தண்ணீரை வடிகட்டிக் குடி. பகவான் உனக்கு நல்ல புத்தியும், சிபாரிசுக் கடிதம் எழுதாத கையும் அருளட்டும்.

இப்படிக்கு, உன் நன்மையை இன்னமும் விரும்பும்
தர்மதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ‘திருட்டுத்தனமாக’ என்ற இடத்தில் அவள் முகம் மாறியது. ஒன்பது வருஷத்துக்கு முன் அரைப்பரீட்சை லீவுக்கு நீ இங்கே வந்தபோது, தூண்டில் போட்ட எவன் கையிலிருந்தோ ஒரு தேளிக் குஞ்சைக் கெஞ்சி வாங்கி, டிபன் பாக்ஸில் கொண்டுவந்து நம் கிணற்றில் விட்டாயாமே. மாமாவிடம் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினாயாம். ஒன்பது வருஷமாக அவள் காப்பாற்றியிருக்கிறாள். குடித்தனக்காரர் மறுபடி மீசையையும் முள்ளையும் எண்ணிப் பார்த்து, சாதாரணத் தேளிதான், இருட்டில் கிடந்து வெளுத்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டார். செம்மண் மல்லாட்டையையும் கரிசல் மல்லாட்டையையும் நிறம் வேறானாலும் ஒரே விதை என்று தினம் சொல்கிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இங்கேயே இருக்கட்டும். ஒன்பது வருஷமாகப் பழகிய கிணறே அதன் தண்ணீர்தானே என்று அப்பாண்டை நயினாரிடம் வாதாட எனக்குத் தைரியமில்லை. மேலே எழுதியதை அடிக்கவில்லை, திட்டு முழுவதும் உனக்குப் பொருந்துகிறது. அந்தக் குஞ்சை எந்தத் தண்ணீரில் பிடித்தார்கள் என்பது உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மறந்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதே, அனந்தமதி தினமும் தபால்காரரைப் பார்க்கிறாள். தாய்மாமன் நீ, சேலை, தட்டு, சீர் ஒன்றும் வேண்டாம். அந்த ஒரு குளத்தின் பேரை மட்டும் கொண்டு வா.