கெத்தில் மகள் சல்வோரின் ஏழாவது உண்மை

உலகத்துக்கு உண்மையைச் சப்ளை செய்யும் பொறுப்பை வரலாறு ஐஸ்லாந்திடம்தான் ஒப்படைத்திருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில், கிறிஸ்துமஸ் பரிசுக்குத் தோதாக, கெட்டி அட்டை போட்டு அதை வெளியிடுகிறோம். பிடிக்காதவர்கள் ஜனவரியில் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு உண்மையை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தேசியப் பணியில் முன்வரிசையில் நிற்பவள் கெத்தில் மகள் சல்வோர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் ஆயுசுக்கும் கூட வரும். அவள் ஆறு சரித்திரக் குற்ற நாவல்கள் எழுதியவள். ஆறிலும் ஒரு பிணம், ஒரு பழைய டிரங்குப் பெட்டி, ஒரு குடும்ப ரகசியம். கடைசிப் பக்கத்தில் தாய் உண்மையைச் சொல்லிவிடுவாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டு, "இப்பதான் நான் யாருன்னு தெரியுது" என்பாள். நாடே மூக்கைச் சிந்தும்.

ஏழாவது நாவலின் பின்னட்டையில் 'மறைக்கிற குடும்பம் மக்கிப்போகும்' என்று பொன் எழுத்தில் போட்டிருந்தார்கள். அதன் கீழே ஆசிரியர் குறிப்பு: கெத்தில் வழியில் இருபத்தெட்டுத் தலைமுறை பின்னால் போனால், ஒரு கையில் வாளும் ஒரு கையில் கவிதையுமாகப் படகிலிருந்து இறங்கிய மூதாதையை அடையலாம். சந்தேகம் உள்ளவர்கள் வம்சாவளிப் பதிவைப் பார்க்கலாம்.

வெளியீட்டு விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. ஊர் நீச்சல் குளத்துத் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில் இருவரும் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்தபோது அவள் அம்மா யோருன் வாயைத் திறந்தாள். எண்பத்தொரு வயது. தலையில் கம்பளிக் குல்லா, அதன்மேல் பனித் தூறல்.

"புக்கை முடிச்சுட்டேன்டி. அழுதுட்டேன்."

"எந்த இடத்துலம்மா?"

"கடைசிப் பக்கந்தான். ஏழு புக்கா அந்த அம்மாக்காரி சொல்றா, பொண்ணு கட்டிப் பிடிச்சுக்கறா. நம்ம பொண்ணு ஏதோ கேட்டுக்கிட்டே இருக்கா, நாமதான் மரமண்டையா இருந்துட்டோம்னு தோணிச்சு." யோருன் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கெத்தில் உன் அப்பா இல்லை. துறைமுகத்துல மீன் எடை போட்டாரே ஓட்டார், அவர்தான். செத்துப்போன கெத்திலுக்கும் இது தெரியும்."

சல்வோர் தொட்டியின் எதிர்மூலையைப் பார்த்தாள். முப்பது வருடமாக ஓட்டார் காலையில் வந்து உட்கார்ந்து, "அடுத்த புக்குல யாரைக் கொல்லப் போறே, பொண்ணு?" என்று கேட்கும் மூலை. முழங்கால் வலியால் இந்த வாரம் அவர் வரவில்லை.

"எண்பத்து நாலு ஆகுது அவருக்கு. ஒரே ஒரு தடவை 'அப்பா'ன்னு கூப்பிட்டுடேன். போதும்."

இப்போது கட்டிக்கொள்ள வேண்டும். ஏழு முறை எழுதிப் பழகிய இடம். ஆனால் கைகள் தண்ணீருக்கடியிலேயே கிடந்தன. சல்வோர் தனக்குள் குனிந்து ஒரு துக்கத்தைத் தேடினாள், ஒரு கோபத்தையாவது தேடினாள். அங்கே புத்தக அட்டைதான் அகப்பட்டது, பொன் எழுத்தோடு.

"வேற யாருக்கும்மா தெரியும்?"

"இந்த வசனம் எந்தப் புக்குலயும் வரலையேடி," என்றாள் யோருன்.

"அம்மா, ஏழு அட்டையிலயும் கெத்தில் மகள்னு இருக்கு. அந்த இருபத்தெட்டுத் தலைமுறைக் கவிஞர் என்ன ஆறது?"

"ஓட்டார் வழியிலயும் ஒருத்தன் பதிவுல இருக்கான். ஆட்டுத் திருடன். குத்தக் கதை எழுதறவளுக்கு அவன்தான் பொருத்தம்."

மறுநாள் பதிப்பகத்தில் அவசரக் கூட்டம் கூடியது. வந்தவர்கள்: பதிப்பாளர் ஃபின்னூர், சல்வோர், ஒரு தட்டு நிறைய முறுக்கிப் பொரித்த இனிப்பு ரொட்டி. விவாதப் பொருள்: உண்மை.

"உங்கம்மா சொல்றது நிஜமா?"

"பொய் சொல்ல அவங்களுக்கு வராது."

"அது வேறயா." ஃபின்னூர் ரொட்டியைக் காப்பியில் நனைத்தார். "உண்மை மேல நம்ம நிறுவனத்துக்கு ரொம்ப மரியாதை உண்டு, சல்வோர். ஆனா எட்டாயிரம் அட்டை அச்சாயிடுச்சு."

"அப்ப எப்பதான் சொல்றது?"

"சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் போய்ச் சேரட்டும். அப்புறம் அது சரித்திரம். சரித்திரத்துக்கு நம்மகிட்ட தனி ஷெல்ஃபே இருக்கே."

"யாராவது கேட்டா?"

"முதல் பக்கத்துல 'பெயர்கள் யாவும் கற்பனையே'ன்னு போட்டிருக்கோம்ல? அந்த ஒரு வரி நம்மளைக் காப்பாத்தும்."

உண்மையை 'உரிய காலம் வரை' ஒத்திவைப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ரொட்டி தீர்ந்ததால் கூட்டமும் இனிதே முடிந்தது. சல்வோர் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"விழாவுக்கு வாம்மா. ஆனா எதுவும் பேசிடாதே."

"நான் என்னடி பேசப் போறேன்? கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போயிடறேன்."

புத்தகக் கடை நிரம்பி வழிந்தது. சல்வோர் கடைசிப் பக்கத்தை வாசித்தாள். தாய் சொன்னாள், மகள் கட்டிக்கொண்டாள், கூட்டம் கைக்குட்டையை எடுத்தது. மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓட்டார், இஸ்திரி போட்ட கோட்டில். எல்லோருக்கும் முன்னால் கைதட்டத் தொடங்கியவர் அவர்தான். தட்டுகிற அந்த அகன்ற கையைச் சல்வோர் பார்த்தாள். பிறகு தன் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

கையெழுத்து வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது. ஓட்டார் புத்தகத்தை நீட்டினார்.

"எனக்குத்தான், பொண்ணு. ஏதாவது எழுதிக் குடேன்."

'ஓட்டாருக்கு' என்று எழுதினாள். பேனா நின்றது. பக்கத்தில் நின்ற ஃபின்னூர் மெல்ல இருமினார். பேனா மறுபடி ஓடி, பழக்கப்பட்ட சுழிகளோடு முடித்தது: கெத்தில் மகள் சல்வோர்.

ஓட்டார் அதைக் கண்ணுக்கருகே கொண்டுபோய் நிதானமாகப் படித்தார். "நீ எழுதறதுல எனக்குப் பிடிச்சதே இதுதான்," என்றார். "நேர்மை."

யோருன் அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்து அடியில் இருந்த சின்ன எழுத்து வரியின் மேல் விரலை வைத்தாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி, ஒரு சாதாரண வாசகியாகத்தான் கேட்டாள்:

"ஏன்டி, 'பெயர்கள் யாவும் கற்பனையே'ன்னு போட்டிருக்கியே, அட்டையில இருக்கற பேருக்கும் சேர்த்துத்தானே?"