நான்கு வாஷ் பேசின் விளக்குகளும் ஒரு டம்ளரும்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சிக்கனமாக வெளிச்சம் அமைக்கப் புறப்பட்டு, பெற்ற மகளின் கல்யாணத்தை ஏறக்குறைய இருட்டில் தள்ளியவன் நான். இதைப் பிறர் சொல்லித் தாங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது கௌரவம் என்று கருதுகிறேன்.

அந்நாளில் நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளன். வாஷ் பேசின்கள் சூளைக்குள் போகுமுன் அவற்றின்மேல் ஏற்றப்படும் வெண்ணிறக் கண்ணாடிப் பூச்சுக்கு, அதாவது கிளேஸுக்கு, நானே பொறுப்பு. பள்ளிப்படிப்பு பத்தோடு நின்றது. மற்றவற்றை நூலகத்தில் படித்துக்கொண்டேன். (நூலகத்தில் படித்தவனுக்கு ஒரு குறை உண்டு. குறுக்கே கேள்வி கேட்க ஆள் இருப்பதில்லை.)

குண்டு பல்பைக் கழற்றிவிட்டு சி.எஃப்.எல். மாட்டுங்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்குப் போகும் மின்சாரம் எட்டு மணிக்குத்தான் திரும்பும். மின்சிக்கனம் பற்றிய ஒரு நூலை நான் மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, என் மகள் கோமதிக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை டிப்ளமோ முடித்து ஓர் ஆலையில் மின்பிரிவில் வேலை பார்ப்பவர். அதுவரை வந்த புகைப்படங்களையெல்லாம் அன்றன்றே திருப்பிக் கொடுத்துவிட்ட கோமதி, இந்தப் படத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது அவளுடைய பி.எட். புத்தகம் ஒன்றுக்குள் இருக்கிறது என்று என் மனைவி சரோஜா காதோடு காதாகச் சொன்னாள். இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே வீட்டின் முடிவாயிற்று.

மின்சாரம் அறிந்த மாப்பிள்ளையை வெறும் கேசரி, பஜ்ஜியோடு வரவேற்பது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. இவ்வீட்டிலும் விஷயம் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று அவர் உணர வேண்டும். ஆகவே ஒரு பெருந்திட்டம் தீட்டினேன்.

முதற்கண், கூடத்தில் இருந்த இரண்டு டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு சிறிய சி.எஃப்.எல். மாட்டினேன். “வெளிச்சமா இது? கழனித்தண்ணி மாதிரி இருக்குது” என்றாள் சரோஜா. பெண் பார்க்கும் நிகழ்ச்சியே தோட்டத்தில்தான் நடக்கப் போகிறது என்று அவளுக்கு விளக்கினேன்.

தோட்டம் என்பது வாசலுக்கு முன்னே கனகாம்பரமும் ஒரு கொய்யா மரமும் நின்ற இடம். சூளையில் கீறல் விட்டதால் கழித்துப் போட்ட வாஷ் பேசின்கள் நான்கைக் கேட்டு வாங்கி வந்து, நான்கு மூலையிலும் தரையில் பதித்தேன். தண்ணீர் இறங்கும் துவாரத்தின் வழியாக ஒயரைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பல்பை நிறுத்தினேன். என் கையால் ஏறிய வெள்ளைப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு துளியையும் வீணாக்காமல் மேலே திருப்பியனுப்பும்; ஒரு பல்பு மூன்று பல்பின் வேலையைச் செய்யும். இது என் சித்தாந்தம்.

மகுடமாக, அந்த நான்குக்கும் நட்டநடுவே இடுப்பளவு உயரமுள்ள சாக்கடைக் குழாய் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சென்சாரைப் பொருத்தினேன். இருட்டினால் அது தானே விளக்கைப் போடும். வெளிச்சம் வந்தால் தானே அணைக்கும். விளக்கு போட இவ்வீட்டில் இனி மனிதக் கை தேவையில்லை என்று அறிவித்து, வாசல் விளக்கின் பழைய சுவிட்சுக்குப் போன ஒயரையும் அகற்றிவிட்டேன்.

பெண் பார்க்கும் நாளன்று மத்தியானம்தான் வேலை முடிந்தது; மாலையில் மின்வெட்டு என்பதால் சோதனையைப் பட்டப்பகலிலேயே நடத்தினேன். சென்சாரை உள்ளங்கையால் மூடினேன்; விளக்குகள் எரிந்தன. கையை எடுத்தேன், சற்றைக்கெல்லாம் அணைந்தன. சரோஜாகூட வாய்பிளந்தாள். கோமதி மட்டும் கனகாம்பரம் பறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“ஏம்ப்பா, வெளிச்சம் பட்டா அணைஞ்சிடுதில்ல? ராத்திரியில அந்த பேசின் வெளிச்சமே அதும்மேல பட்டா என்னாவும்?”

“நீ படிச்சது பி.எட்.டும்மா. இது எலக்ட்ரிகல்” என்றேன். (நான் படித்தது பத்தாம் வகுப்பு. இதை அவள் நினைவூட்டவில்லை.)

அன்று மாலை மாப்பிள்ளை வீட்டார் நால்வர் வந்து சேர்ந்தனர்: மாப்பிள்ளை, அவருடைய தாய், தந்தை, வாய் நிறைய வெற்றிலையோடு ஒரு தாய்மாமன். தோட்டத்தில் நாற்காலிகள் போட்டிருந்தோம். எட்டு மணிக்கு மின்சாரம் திரும்பும்போது விளக்குகள் தாமே எரிந்து அசத்தும் என்பது என் கணக்கு. மணி ஆறாயிற்று, அதிசயமாக அன்று மின்சாரம் போகவில்லை. தெருவே மகிழ்ந்தது. என் அழிவு அங்கிருந்துதான் தொடங்கிற்று.

இருள் கவிந்ததும் நான்கு பேசின்களும் ஒருசேர ஒளிர்ந்தன. மாப்பிள்ளையின் தந்தை “ஓகோ” என்றார். நான் அடக்கத்தோடு தலைகுனிந்தேன். சரோஜா தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டு தரையைத் தொட்டதும் தோட்டம் இருண்டது.

அரை நிமிடத்தில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. மாப்பிள்ளையைப் பெற்ற அம்மையார் ஜாதகப் பொருத்தத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தார், அணைந்தன. நல்ல காரியம் பேசுமிடத்தில் விளக்கு அணைந்தால் எங்கள் பக்கத்துப் பெண்மணிகள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மையார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்ட சத்தமே இருட்டில் எனக்குக் கேட்டது.

இது சோதனை ஓட்டம் என்று நான் அறிவித்தேன். மண்டியிட்டு ஒரு பேசினின் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தேன். (கீறல் இருக்கிறதா என்று தொழிற்கூடத்தில் தட்டிப் பார்ப்பது வழக்கம். இங்கே அதற்கு ஒரு பயனும் இல்லை.) இதற்கிடையே அந்த இருட்டில் தாய்மாமன் எழுந்து போய், அடுத்த பேசினில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டார். விளக்கு வந்தபோது ஒரு மூலை மட்டும் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. “வாஷ் பேசின்னு நெனச்சிட்டேங்க” என்றார். அவர் நினைத்ததில் தவறில்லை. அது வாஷ் பேசின்தான்.

நான்காம் முறை இருண்டதும் அம்மையார் எழுந்துவிட்டார்.

“கெளம்புங்க. தட்டு வச்சதுலேர்ந்து வெளக்கு அணைஞ்சிக்கினே இருக்குது. இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்?”

மாப்பிள்ளையும் எழுந்தார். நான் பேசின் அருகே மண்டியிட்ட நிலையிலேயே இருந்தேன். எழுவதற்குக் கால் இருந்தது, முகம் இல்லை.

அப்போது, யாரும் அழைக்காமலே, காபித் தட்டோடு கோமதி வாசற்படி இறங்கி வந்தாள். கூடத்துக் கழனித்தண்ணி வெளிச்சத்தில் அவள் நிழல்தான் தெரிந்தது. தட்டை நாற்காலிமேல் வைத்தாள். மாப்பிள்ளைக்கென்று வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, காபியைக் கனகாம்பரத்தின் அடியில் ஊற்றிவிட்டு, வெறும் டம்ளரைச் சென்சாரின்மேல் கவிழ்த்தாள்.

விளக்குகள் எரிந்தன. எல்லோரும் நின்றபடியே காத்திருந்தோம். அரை நிமிடம் கடந்தது. ஒரு நிமிடமும் கடந்தது.

“இனிமே அணையாதுங்கத்தே” என்றாள் கோமதி.

இன்னும் நிச்சயமாகாத இடத்தில் ‘அத்தை’ என்று அழைத்துவிட்டாளே என்று சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மையார் டம்ளரைப் பார்த்தார், கோமதியைப் பார்த்தார், தரையில் கிடந்த என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எம் புள்ளைக்கு வேற டம்ளர்ல காபி கொண்டாம்மா.”

அந்தத் தையிலேயே திருமணம் நடந்தது. பேசின் வெளிச்சமே சென்சார்மேல் பட்டு விளக்கை அணைக்கிறது என்பது முதலில் அணைந்தபோதே புரிந்துவிட்டது என்று மாப்பிள்ளை பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “பொண்ணு பாக்க வந்த எடத்துல மாமனாருக்கு எப்டிங்க மாமா பாடம் எடுக்கறது?” என்றார். அந்த மரியாதையை அவர் அன்றோடு முடித்துக்கொண்டார் என்பதையும் குறிப்பிட வேண்டும். இன்றுவரை எங்கள் வீட்டில் காபி கொடுத்தால், குடிப்பதற்கு முன் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, “அத்தே, இது தோட்டத்துக்குப் போற டம்ளரா?” என்று கேட்காமல் அவர் வாய்வைப்பதில்லை.

தோட்டத்து டம்ளர் தனியாக இருக்கிறது. மாலையில் சரோஜா அதைக் கவிழ்க்கிறாள்; காலையில் எடுத்துவிடுகிறாள். மனிதக் கை தேவையில்லாத என் விளக்குகள் இவ்வாறே இயங்கி வருகின்றன.

உறவினர் வாயில் இக்கதை ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. பேசின்கள் பத்தாகிவிட்டன, எனக்கு ஷாக் அடித்ததாகவும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேசின்கள் நான்குதான். ஷாக் அடிக்கவில்லை. கோமதி முன்பே எச்சரித்தாள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே, அதைச் சொல்லும் இந்த எழுத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.