பிரபு வீட்டு நாற்காலியும் பைன் காயும்

அன்றைய வேலை ஒன்றே ஒன்றுதான். என் பட்டமளிப்புக்காகக் கள்ளிக்குப்பத்திலிருந்து இங்கிலாந்து வந்திருந்த அம்மாவுக்கு, கிராமத்துப் பக்கம் ஒரு பழைய பிரபு மாளிகையைச் சுற்றிக் காட்டுவது.

பட்டம் வாங்கிய மறுநாள். எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை.

முதலில் மாளிகையை ஒட்டிய சர்ச். நான் வேண்டாம் வேண்டாம் என்று வாதாடியும் அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஜில்லென்ற கல்தரையில் முழங்கால் போட்டு ஜெபம் செய்தாள். அப்புறம் தோட்டம். பார்க்கும் திசையெல்லாம் ரோஜா. பாதியிலேயே அம்மாவின் முட்டி மக்கர் செய்தது. மாளிகைக்குள் போனதும் உட்கார வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

உள்ளே நாற்காலிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பைன் மரக் காய்.

"இன்னாடி இது, சவுக்குக்காய்க்கு உடம்பு வச்ச மாதிரி கீது?"

எனக்கு நொடியில் புரிந்துவிட்டது. பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். இங்கே காய் போடுகிறார்கள்.

அடுத்த அறையிலும் காய். அதற்கடுத்ததிலும் காய். ஐந்தாவது அறையில் எனக்கு ரத்தம் கொதித்தது. மொத்த வீட்டையும் இடம் பிடித்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்களா? நிலப்பிரபுத்துவம் பற்றி அம்மாவுக்கு ஒரு குட்டிப் பிரசங்கம் செய்தேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அதெல்லாம் சரி, இப்ப உக்காரலாமா, வேணாமா?"

நீலப் பட்டு நாற்காலியிலிருந்த காயை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். அம்மாவை உட்கார வைத்தேன்.

அறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஓடி வந்தார். ரொம்ப மன்னிக்கணும், அம்மா கொஞ்சம் எழுந்துகொள்ள முடியுமா என்றார்.

முடியாது என்றேன். இடம் பிடித்தவர் வரட்டும், நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றேன். அறையிலிருந்தவர்கள் ஓவியங்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். குரலை இன்னும் ஏற்றினேன்.

"அவர் வர மாட்டார், மிஸ்" என்றார் பெரியவர். "இறந்து இருநூறு வருஷம் ஆகிறது."

காய் இருந்தால் உட்காரக் கூடாது என்று அர்த்தமாம். பட்டு நைந்துவிடுமாம். அதை வாசலில் எழுதி வைத்தால் என்ன என்று பாய்ந்தேன். எழுதித்தான் வைத்திருக்கிறார்களாம். போனைத் திறந்து பார்த்தேன். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுதான் செல்ஃபி எடுத்திருக்கிறோம். பாதி எழுத்தை என் தலை மறைத்திருந்தது. மீதிப் பாதி நன்றாகவே தெரிந்தது.

அம்மா எழுந்து நொண்டினாள். பெரியவர் கதவோரம் இருந்த தன் சொந்த நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டார். போட்டுவிட்டுத் தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"அவருக்கும் முட்டிதான்டி. பெரிய மனுசன நிக்க வச்சிட்டு நான் உக்காந்துகினு இருப்பனா? இன்னொரு சேர் கேளு. நீ போய் அவர் எடத்துல நில்லு."

அப்படித்தான் எனக்கு அந்த மாளிகையில் வேலை கிடைத்தது. இன்னொரு சேரும் வந்து, அம்மா தமிழிலும் பெரியவர் ஆங்கிலத்திலும் முட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் தயவுசெய்து உட்காராதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் சொன்னேன். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. இவர்கள் எப்படித்தான் நம்மை ஆண்டார்களோ.