மாப்பிள்ளையின் பட்டியலில் சிவப்பு மை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மனைவியும் சௌக்கியம். மலைமேல் நீங்களும் உங்களோடு டர்பைன் பிரிக்கிறவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறீர்களா? தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறீர்கள்? பதில் எழுத வேண்டாம், செய்தால் போதும். அணைப்பக்கம் போன் எடுக்காது, சனிக்கிழமை சாமான் ஏற்றிவரும் லாரியில்தான் கடிதம் வரும் என்று உங்கள் மனைவி சொன்னதால் பேனாவை எடுத்தேன். நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு படிக்கவும்.

விஷயம் உங்கள் கூடைப்பந்து அணியைப் பற்றியது. அதைக் கெடுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி எப்படிக் கெடுத்தேன் என்று சொல்கிறேன்.

வேலைக்கு வரச் சொல்லி இரண்டு நாள் முன்னதாகவே ஆள் அனுப்பிவிட்டார்கள், நீங்களும் பல் தேய்த்தும் தேய்க்காமலும் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் லீக்கில் ஆள் எடுக்கும் நாள் அதற்கு மறுநாள். "நான் பாத்துக்கறேன்" என்று உங்களிடம் தலையாட்டியவள் என் மகள். அந்தத் தலைக்கு அன்றைக்கென்று ஷிப்ட் மாறிவிட்டது. தபால் பிரிக்கும் இடத்தில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறதாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, கம்ப்யூட்டர்ல லிஸ்ட் ஒட்டி வச்சிருக்கார். அதைப் பாத்து ஒவ்வொரு பேரா அமுக்கு, அவ்வளவுதான்" என்றாள். உனக்குத் துணைக்கு இருக்கத்தான் வந்தேன், விளையாட்டெல்லாம் எனக்கு எதற்கு என்றேன். அதற்கு அவள், "அவர்கிட்ட இருக்கற ஒரே கெட்ட பழக்கம் இதும்மா. இதுவும் போச்சுன்னா வேற எதையாவது புடிச்சுக்குவார். போன வருஷம் கடைசி. இந்த வருஷம் முதல் இருபது ஆட்டம் முடியறப்பவும் கடைசின்னா, டீமைப் புடுங்கி வெளிய காத்திருக்கறவனுக்குக் குடுத்துடுவாங்க. பத்து வருஷ டீம்மா" என்று சொல்லிவிட்டு ஓடியேவிட்டாள். ஒரு வேலையைச் சொல்கிறவர்கள் அதிலிருக்கும் ஆபத்தைப் படியிறங்கும்போதுதானா சொல்ல வேண்டும்?

உட்கார்ந்தேன். பதினாறு பேர் பதினாறு அணி வைத்திருக்கிறீர்கள், ஒருவரும் பந்தைத் தொடுவதில்லை, ஆடுகிறவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டருக்குள் பிறந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓய்வு பெறுகிறவர்கள், தினமும் மாலை ஏழு மணிக்கு அதுவே ஆடி அதுவே ஜெயித்து அதுவே தோற்கிறது, இந்த வருடம் எல்லா அணியிலும் ஆடுகிறவர்களை மட்டும் கலைத்துவிட்டு எல்லாரும் முதலிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒட்டியிருந்த தாளில் உங்கள் கையெழுத்தில் பதினான்கு பெயர். ஒழுங்காகப் பார்த்துப் பார்த்து அமுக்கியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. ஆனால் மாப்பிள்ளை, முப்பத்திரண்டு வருடம் ஆண்கள் வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவள் கையில் ஒரு பட்டியல் கிடைத்தால், அதைச் சரிபார்க்காமல் இருக்க முடியுமா? முதல் பெயரை அமுக்கினேன். பக்கத்தில் 'உடல்நிலை' என்று ஒரு கட்டம். அதையும் அமுக்கினேன். அந்தப் பையனுக்கு இடது முட்டியில் ஜவ்வு இரண்டு தடவை கிழிந்திருக்கிறது! இவனுக்குக் கட்டில் கொடுக்கலாம், பந்தைக் கொடுக்கலாமா? கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அடித்தேன். அடுத்தவனுக்கு முதுகு. அதற்கடுத்தவனுக்கு உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, பயிற்சிக்கு வருவதில்லை. இப்படிப் பார்த்துக்கொண்டே போனதில் பதினான்கில் பத்துப் பேர் சிவப்பாகிவிட்டார்கள். மிச்சம் நாலு பேரை, உங்கள் மனது நோகக் கூடாது என்று, அரைமனதாக விட்டு வைத்தேன்.

இதற்குள் மற்ற பதினைந்து பேரும் காத்திருந்திருக்கிறார்கள். உங்கள் லீக் தலைவர், டயர் கடைக்காரர், வீட்டு நம்பருக்கே போன் போட்டுவிட்டார். பின்னால் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.

"அம்மா, உங்க முறைம்மா. ஒரு பேரை அமுக்குங்கம்மா."

"தம்பி, நான் ரவுண்ட்ஸ்ல இருக்கேன். முடிச்சிட்டுத்தான் வருவேன்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தாம்மா கணக்கு."

"ரெண்டு நிமிஷத்துல ஆள் எடுத்தா அப்பறம் ரெண்டு வருஷம் அழணும். வரிசையில நில்லுங்க."

நின்றார்கள், பாவம். அதற்குப் பிறகு நான் எடுத்த ஆட்களைப் பார்த்து அங்கே ஒரே சிரிப்பு. டூட்டி போடுகிறவளுக்கு முதல் கவலை ரிலீவர்தானே, லீவு போட்டவன் இடத்துக்கு யார் வருவான் என்று தெரியாமல் சார்ட்டில் கோடு போடவே முடியாதே! அதனால் நட்சத்திரங்களை எல்லாரும் அள்ளிக்கொண்டு போக, நான் ரிலீவர்களை முதலில் எடுத்தேன். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட லீவு எடுக்காத முப்பத்தேழு வயதுக்காரர் ஒருவர், அவருக்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருக்கிறேன், திரையில் இருக்கும் பெயர் என் வாயில் நுழையவில்லை. அப்புறம் ஏழடி இரண்டு அங்குலத்தில் ஒரு ஒட்டடைக்கம்பு. சுண்டுவிரல் எலும்பு முறிவு என்று அவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். விரல் உடைந்த தேதியை ஒருத்தரும் பார்க்கவில்லை. நாலு வாரம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு வாரத்தில் கூடிவிடும். சுண்டுவிரலுக்குப் போய் ஒரு ஆளை ஒதுக்குவார்களா! 'மாமியார் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கறாங்க' என்று திரையின் ஓரத்தில் ஒருவர் எழுதினார். எழுதியவருக்குக் கை நடுக்கம் இருக்கும் போல, ஒரே எழுத்துப்பிழை. சத்துள்ளதாகச் சாப்பிடச் சொல்லிப் பதில் போட்டேன்.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்றிருந்தேன். ஆட்டம் தொடங்கியதும் எனக்கே சிரிப்பு போய்விட்டது. பதினோரு ஆட்டம் முடிந்திருக்கிறது, ஒன்பது தோல்வி. தொடர்ந்து இரண்டு நாள் ஆடியவனை மூன்றாம் நாள் உட்கார வைத்தேன், டபுள் டூட்டி கொடுத்துப் பழக்கமில்லை. அப்படி நல்லவன் ஒருவனுக்கு ஓய்வு கொடுத்த அன்று நாற்பத்தொரு புள்ளியில் தோற்றோம். உங்கள் பட்டியலிலிருந்து எடுத்த நால்வரைத்தான் முக்கியமான இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். ஒருவன் இரண்டாவது ஆட்டத்திலேயே கணுக்காலைப் பிடித்துக்கொண்டான், ஒருவன் கூடை இருக்கும் திசைக்கே பந்தை எறிவதில்லை, ஒருவன் நடுவரைத் திட்டி மூன்று ஆட்டம் வெளியே, இன்னொருவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். உங்கள் தேர்வைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பத்து வருட அனுபவத்தில் நீங்கள் பார்த்து வைத்த ஆட்கள், அவர்களைச் சரியாக நடத்தத் தெரியாதது என் தப்பு. இப்போது நாம் பதினாறில் பதினாறாவது. இன்னும் ஒன்பது ஆட்டத்தில் தலைவர் உங்கள் பெயர்மேல் கோடு போட்டுவிடுவார். நீங்கள் மலையிலிருந்து இறங்குவது அதற்குப் பிறகுதான்.

இதை எழுதும்போது மனது அடித்துக்கொள்கிறது மாப்பிள்ளை. உங்களுக்கும் எனக்கும் நடுவில் இந்த ஏழு வருடத்தில் என்ன பேச்சு இருந்திருக்கிறது? "வாங்க", "சாப்பிட்டீங்களா", "கிளம்பறீங்களா", அவ்வளவுதான். அதிலும் மூன்றும் நான் சொன்னது. நீங்கள் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் லேசாக இருமுவீர்கள். முதலில் தொண்டைக் கோளாறு என்று நினைத்தேன். நாலு வருடம் முன்னால் குடல்வால் ஆபரேஷனுக்கு என் வார்டிலேயே வந்து படுத்தீர்களே, தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்றிருந்த நாளில் தலையணைக்கு அடியில் பிஸ்கட் பொட்டலம் கிடைத்ததே, பத்து நோயாளிகள் முன்னால் "சின்னப் பிள்ளையா நீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அதிலிருந்து நான் ஹாலுக்கு வந்தால் நீங்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறீர்கள். நான் உங்களுக்குப் பிடிக்காதவள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதனால்தான் இந்த ஒரு காரியத்தையாவது உருப்படியாகச் செய்து, திரும்பி வரும்போது நீங்கள் என்னிடம் நாலு வார்த்தை பேசுகிற மாதிரி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்ட லட்சணம் இது.

நேற்றைக்கு அந்தக் கணுக்கால்காரனுக்கு லீவு எழுத இடம் தேடினேன். எதை அமுக்கினேனோ, 'பணியாளர்கள்' என்று ஒரு பக்கம் திறந்தது. உங்கள் அணியின் பயிற்சியாளர், உதவியாளர், அதற்குக் கீழே மருத்துவப் பொறுப்பாளர். மற்ற அணிகளில் அந்த இடத்தில் கம்ப்யூட்டர் கொடுத்த பெயர்தான் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். நம் அணியில் மட்டும் நீங்களே தட்டி வைத்திருக்கிறீர்கள்: அத்தை. திறமை நூற்றுக்கு நூறு. பொறுமை நாற்பது. அக்கறை நூற்றுக்கு நூறு. வேலையில் சேர்ந்த நாள், நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன மறுநாள்.

நாலு வருடமாக உங்களிடம் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கே தெரியாது! அழுதுவிட்டேன் மாப்பிள்ளை, சொல்வதற்கு என்ன வெட்கம். என் மகள் ஓடி வந்து, "என்னம்மா, மறுபடியும் தோத்துட்டோமா?" என்று கேட்கிறாள். பொறுமை நாற்பது என்று போட்டதுகூடச் சரிதான், நானாக இருந்தால் முப்பத்தைந்து போட்டிருப்பேன்.

ஆகவே, இப்படி மதித்து வைத்திருக்கிற ஒருவருடைய பட்டியலைச் சிவப்பு மையால் கிறுக்கியதற்கு என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் பதினான்கு பேரையும் சொன்னபடி எடுத்திருந்தால் அணி இன்று எங்கோ இருந்திருக்கும். இனி அந்தக் கம்ப்யூட்டரைத் தூசி தட்டக்கூடத் தொட மாட்டேன். மிச்ச ஆட்டங்களை டயர் கடைத் தம்பியையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வரும் முன் என் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சாக்ஸோடு படுக்காதீர்கள். கைகால் சுகத்தோடும், கொண்டுபோன சாமான் ஒன்றும் தொலையாமலும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் நலம் விரும்பும்
மாமியார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் இது நடந்தது, வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டரைத் துடைப்பதற்காக உங்கள் மனைவி அந்தத் தாளைப் பிரித்தாள். நீங்கள் மேல் ஓரத்தைப் பின்பக்கமாக மடித்து டேப் போட்டிருந்தீர்கள். மடிப்புக்குள் தலைப்பு இருந்தது: 'என்ன ஆனாலும் எடுக்கவே கூடாதவர்கள்'. உங்கள் மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாள், எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள்.

மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பத்துப் பேர் விஷயத்தில் நான் செய்தது சரி. அந்த நாலு பேர் விஷயத்தில் உங்களுக்காக இரக்கப்பட்டதுதான் தப்பு. தாளை மடித்து ஒட்டியவர் நீங்கள், ஆகவே ஒன்பது தோல்வியில் பாதி உங்களுடையது. நால்வரையும் இன்று மதியமே டிஸ்சார்ஜ் செய்துவிட்டேன். பெரியவரையும் ரிலீவர்களையும் முன்னால் நிறுத்தி ஏழு மணி ஆட்டத்தில் பதினோரு புள்ளியில் ஜெயித்தோம், இப்போது பதினைந்தாவது இடம். ஞாயிற்றுக்கிழமை ஒட்டடைக்கம்பின் கட்டைப் பிரிக்கிறேன். இருபதாவது ஆட்டம் வரைக்கும் டூட்டி சார்ட் போட்டாயிற்று. டயர் கடைத் தம்பி, "அம்மா, அவர் வந்தாலும் நீங்களே பாத்துக்கங்க" என்றார். நான் எங்கும் கிளம்பவில்லை.

பணியாளர் பக்கத்தில் உதவியாளர் இடத்தில் இருந்த ஆளை எடுத்துவிட்டு 'மாப்பிள்ளை' என்று போட்டிருக்கிறேன். திறமை இப்போதைக்கு நாற்பது. வீட்டுக்கு வந்ததும் இருமாமல், வாய் திறந்து ஒரு தடவை அத்தை என்று கூப்பிடுங்கள், தொண்ணூறு ஆக்குகிறேன்.