பீச் ரோட்டில் ஒரு தாய் உணவகம்

கப்பலை விட்டு இறங்கிய அன்றே முடிவெடுத்துவிட்டேன். தூத்துக்குடிக்கு ஒரு தாய்லாந்து உணவகம். சமையல்காரன் நானே!

சரக்குக் கப்பல் அடுப்படியில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். என்னோடு வேலை பார்த்த பாங்காக்காரன் சோம்சாய் சொல்லுவான்: "புளிப்பு, உறைப்பு, உப்பு, இனிப்பு நாலும் ஒரே சட்டியில இருக்கணும். ஒண்ணு சத்தம் போட்டு மத்ததை அடக்கக் கூடாது." கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

பீச் ரோட்டுக் கடை என் மனைவி ஜெனிலாவுக்கு அவள் அப்பா எழுதி வைத்தது. வெளிநாட்டுச் சாப்பாடு என்றால் சாவி வராது. திட்டம் போட்டேன்.

"ஏளா, 'தாய் உணவகம்'னு ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

"தாயா? யாரு தாய்?"

"வேற யாரு? உங்க அம்மாதான். கிருபாபாய்னா சும்மாவா? அவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத வார்த்தை. ஜெனிலா என்னை உற்றுப் பார்த்தாள். சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். அவ்வளவு சுலபமாகக் கிடைத்தபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

'தாய் உணவகம்' என்று போர்டும் மூங்கில் விளக்கும் மாட்டினேன். எலுமிச்சம்புல், சித்தரத்தை எல்லாம் வந்து இறங்கின. திறப்பு நாளன்று சாத்தான்குளத்திலிருந்து ஒரு வேனும் வந்தது. முதலில் மண்சட்டிகள் இறங்கின. பிறகு மாமியார்.

"மாப்ள, போர்டைப் பாத்ததும் அழுகை வந்துட்டு. இனி சாகுற வரைக்கும் இங்கனதான். அடுப்பு எங்கன இருக்கு?"

ஜெனிலாவைத் தனியே இழுத்துப் போனேன்.

"ஏளா, தாய்னா தாய்லாந்து!"

"அது எனக்குத் தெரியாதாக்கும்? அம்மா அங்கன தனியா கெடக்காவ. கூப்பிட்டா வர மாட்டேங்காவ. நீங்களே வழி காட்டுனிய. இப்பப் போயி, 'உங்களை நெனச்சுப் பேரு வைக்கல'ன்னு அவங்ககிட்ட சொல்லுங்க பாப்போம்."

போனேன். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

மாமியார் வைத்த சீலாமீன் குழம்புக்குத் துறைமுகத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இறால் போட்ட என் டாம் யம் சூப் சீந்துவாரில்லாமல் ஆறிப்போனது. ஒருநாள் மாமியார் அதை ருசி பார்த்தார். மிளகு தட்டிப் போட்டார். கறிவேப்பிலையை உருவிப் போட்டார். 'எறா ரசம்' என்று பரிமாறினார். மத்தியானத்துக்குள் சட்டி காலி.

இப்போது திருச்செந்தூர் போகிறவர்கள்கூட அந்த ரசத்துக்காக வண்டியை நிறுத்துகிறார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்படியிலிருந்து சித்தரத்தை வாசம் வரும்போதெல்லாம் எண்ணிய சில்லறையை மறுபடி எண்ணுவேன். சோம்சாய் போன் பண்ணினால் எடுப்பதில்லை. என்னத்தைச் சொல்ல?

நேற்று மகாராஜன் என்று ஒரு லாரி முதலாளி வந்தார். ரசத்தை உறிஞ்சியவர் கண்ணை மூடிவிட்டார்.

"அண்ணாச்சி, இது யாரு கைப்பக்குவம்?"

இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. எழுந்தே நின்றுவிட்டேன். வாயைத் திறப்பதற்குள் ஜெனிலா முந்திக்கொண்டாள்.

"எங்க அம்மாதான். இவுகளையும் பக்கத்துல நின்னு கத்துக்கிடுங்கன்னுதான் சொல்லுதேன், கேட்டாத்தானே!"